முடிச்சுப் போட்ட புல்

என் மனைவியின் பெயரில் ஆயிரம் மரக்கன்றுகள் நட வந்தவர்களை நான் திருப்பி அனுப்பினேன். மாமனார் ஊரான கலசப்பாக்கத்தில் இப்போது என்னை அப்படித்தான் அடையாளம் சொல்கிறார்கள். சொல்லட்டும். நடந்தது அதுதான்.

அன்பரசி மலையில் நர்ஸாக இருந்தாள். அவளுக்கு ஜமுனாமரத்தூர் பக்கம் வேலை கிடைத்ததால் நாங்கள் மேலே வந்தோம். நான் பி.எஸ்சி. படித்துவிட்டுக் கீழே சும்மா இருந்தவன். கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் மையம் வைத்தேன். ஜெராக்ஸ், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம், பரீட்சை முடிவு. சில வருடங்கள் அப்படிப் போயின. ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே தலை வலிக்கிறது என்றாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மலைப்பாதையில் இறங்கும்போதே போய்விட்டாள். யார்மீதும் தவறில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குள் ஓர் அறை எடுத்தேன். வார நாட்களில் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படி ஒரு ஞாயிறு, வாசலில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு ரஞ்சிதம் அக்கா தோளில் கடப்பாரையோடு போனார்.

"எங்கக்கா?"

"உன்னிச்செடி புடுங்க. வர்றியா?"

"எனக்குத் தெரியாதே."

"இன்னா பெரிய வித்தை. பேச வேணாம், புடுங்கினா போதும். ஒனக்கு ஏத்த வேலை."

போனேன். ஊருக்கு மேலே ரோட்டை ஒட்டி ஒரு பெரிய சரிவு. முழுக்க ஊர்ப் பொதுப்புல். மேல்முனையில் காடு தொடங்கும். கீழ்முனையில் ஊற்று. அந்த ஊற்றிலிருந்துதான் ஊருக்குத் தண்ணீர். வெகுகாலமாக உன்னிச்செடி ஏறி ஏறிப் பாதிச் சரிவைத் தின்றிருந்தது. மாடு நுழைய முடியாத புதர். சின்னதம்பி அண்ணனும் இன்னும் ஏழெட்டு வீட்டுக்காரர்களும் ஞாயிறுதோறும் அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. கூலியும் இல்லை.

உன்னியை வெட்டினால் இரட்டிப்பாக வளரும். தண்டும் வேரும் சேருமிடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் கடப்பாரையை விட்டு வேரைத் துண்டிக்க வேண்டும். பிடுங்கிய செடியை வேர் மேலே பார்க்கும்படி தலைகீழாகச் சாய்த்து வைக்க வேண்டும். மண்ணைத் தொட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். கையெல்லாம் கீறும். நாற்றம் அடிக்கும். மாலையில் உடம்பு வலியில் தூக்கம் வரும். அது போதுமாக இருந்தது. அடுத்த ஞாயிறும் போனேன். பிறகு எல்லா ஞாயிறும்.

என்னை அங்கே யாரும் கலையரசன் என்று கூப்பிடவில்லை. 'நர்ஸம்மா வூட்டுக்காரரு' என்றார்கள். அவள் இல்லாமல் போன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை.

இரண்டு மழைக்காலத்தில் சரிவு சுத்தமானது. உன்னி இருந்த இடத்தில் முதலில் செம்மண் தெரிந்தது. பிறகு சிறு புற்கள். பிறகு கூரை வேயும் உயரப்புல் தானாக வந்தது. இடுப்பளவு. காற்றடித்தால் சரிவு முழுக்க ஒரே பக்கம் சாயும். காடைகள் திரும்பி வந்துவிட்டன என்றார் சின்னதம்பி அண்ணன். ஊற்றில் சித்திரையிலும் தண்ணீர் நின்றது.

நாங்கள் செய்த தப்பு அதுதான். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற அளவுக்குச் சுத்தம் செய்துவிட்டோம். உன்னிப் புதராக இருந்தவரை அந்த இடத்தை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

புரட்டாசியில் மாமா போன் செய்தார். கண்ணாயிரம், அன்பரசியின் அப்பா. கலசப்பாக்கத்தில் நெல் விவசாயம். அவருக்கு ஒரே பெண்.

"மாப்ள, ஒரு நல்ல சேதி. இங்க பசுமைக் குழு வெச்சினு கீறாரே சந்திரன் சார், அவருகிட்ட பேசிட்டேன். பாப்பா பேர்ல ஆயிரம் மரம் வெக்கறாங்க. மலையிலயே. 'அன்பரசி வனம்'னு பேரு."

"எங்க மாமா?"

"ஒங்க ஊருக்கு மேல ரோட்டோரமா சரிவு கீதுல்ல, அங்கதான். சார் வந்து பாத்தாரு. ஒரு முள்ளு இல்ல, ஒரு புதர் இல்ல, நடறதுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி கீதுன்னாரு. தரிசுன்னுதான் பதிவுல கீதாம். அனுமதியும் வாங்கிட்டாரு."

"அது தரிசு இல்ல மாமா. புல்லு."

"புல்லுதானே. புல்லு எங்க போவுது?"

"வேணாம் மாமா. அங்க நட வேணாம்."

"நீ கூச்சப்படாத மாப்ள. செலவெல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க. வர்ற ஞாயித்துக்கெழம. நூறு பேரு வர்றாங்க, காலேஜ் பசங்க, பாப்பாகூட வேலை பாத்த நர்ஸுங்க எல்லாரும்."

நான் மூன்று விதமாக வேண்டாம் என்றேன். மூன்றையும் அவர் என் கூச்சம் என்றே எடுத்துக்கொண்டார். போனை வைக்கும்போது அவர் குரல் உடைந்திருந்தது. சந்தோஷத்தில்.

மறுநாள் சந்திரனின் எண்ணை வாங்கிப் பேசினேன். மரியாதையாகப் பேசினார். புல்லால் தண்ணீர் நிற்கிறது, ஊற்று இருக்கிறது, சரிவில் குழி தோண்டினால் முதல் பெருமழைக்கே மண் இறங்கிவிடும் என்று சொன்னேன்.

"தம்பி, உங்க மனநிலை எனக்குப் புரியுது," என்றார். "துக்கத்துல இருக்கறவங்களுக்கு எல்லாமே வேணாம்னுதான் தோணும். மரம் வளரும்போது மனசு மாறும் பாருங்க."

என் துக்கத்தைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மண்ணைப் பற்றித்தான் பேசினேன்.

வெள்ளிக்கிழமை பக்கத்துக் குக்கிராமத்து ஆட்கள் வந்து சரிவின் மேல்முனையில் குழி தோண்டத் தொடங்கியிருந்தார்கள். கூலி வேலை. முட்டியளவு ஆழம். பெயர்த்த புல்தூர்கள் வேரோடு வெயிலில் கிடந்தன. தகவல் தெரிந்து நாங்கள் போனபோது அவர்கள் அன்றைய வேலையை முடித்து இறங்கிவிட்டிருந்தார்கள். மீதிக் குழிகள் ஞாயிற்றுக்கிழமைக்காம்.

அன்று மாலை ரஞ்சிதம் அக்கா வீட்டு முன்னால் எல்லோரும் கூடினோம். மனு கொடுக்கலாம் என்றார் ஒருவர். ஞாயிற்றுக்குள் மனுவை யார் படிப்பார்கள் என்றார் இன்னொருவர். ரோட்டை மறிக்கலாம் என்று ஒரு பேச்சு. சின்னதம்பி அண்ணன் சொன்னார்:

"முடிச்சுப் போட்டுடலாம்."

ரஞ்சிதம் அக்கா நிமிர்ந்து தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார்.

அந்தச் சரிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. தை பிறந்து, புல் காய்ந்து, விதை உதிர்ந்த பிறகு, அவரவர் பங்கில் தூருக்கு ஒரு முடிச்சாகப் புல்லின் தலையைச் சுற்றிக் கட்டுவார்கள். முடிச்சு விழுந்த தூரை மற்றவர் தொடக்கூடாது. மாட்டை விடக்கூடாது. இரும்பு படக்கூடாது. மலையில் எந்த ஊர்க்காரனும் அதை மீற மாட்டான். கட்டியவர் வந்து அறுக்கும்வரை அது அப்படியே நிற்கும்.

"இப்ப பச்சைப்புல்லுண்ணே," என்றேன். "இப்ப கட்டினா என்ன ஆகும்?"

"மழைத்தண்ணி முடிச்சுக்குள்ள எறங்கும். அழுவிடும். இந்த வருசம் கூரைக்கு ஆவாது."

"அப்ப கூரைக்கு?"

"பழசேதான். ஒழுவும்," என்றார் ரஞ்சிதம் அக்கா. "போன வருசமும்தான் ஒழுவிச்சு. சட்டி வெச்சோம், செத்தா போய்ட்டோம்?"

கான்கிரீட் மெத்தை வீடு கட்டிவிட்ட குடும்பங்களுக்கும் ஆட்டுக்கொட்டகை, மாட்டுக்கொட்டகை எல்லாம் புல்கூரைதான். இழப்பு எல்லோருக்கும். ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் சரிவில் இருந்தோம். பெண்களின் கை வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு பிடி, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. நானும் ஒரு தூரைப் பிடித்தேன். ரஞ்சிதம் அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ போடாத தம்பி."

"ஏன்?"

"ஒனக்குப் பங்கு கெடையாது. பங்கில்லாதவன் போட்ட முடிச்சு முடிச்சே இல்ல. நாளைக்கு எவனாவது ஒண்ணு பொய்யின்னு கண்டா, எல்லாமே பொய்யின்னுடுவான்."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"ஒங்க மாமனாருக்குப் பதில் சொல்லு. அது எங்களால ஆவாது."

மாலையில் சரிவு வேறு மாதிரி ஆகியிருந்தது. காற்றடித்தபோது சாயவில்லை. ஆயிரக்கணக்கான சிறு கொண்டைகள், வெள்ளிக்கிழமைக் குழிகளைச் சுற்றியும். ரோட்டோரத்தில் மட்டும் ஒரு துண்டு முடிச்சில்லாமல் நின்றது. திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கும் மூன்று வீட்டுக்காரர்களின் பங்கு அது. அவர்கள் வராமல் அதில் இன்னொருவர் கட்டக்கூடாது. போன் செய்து கேட்கலாமே என்றேன். போனில் முடிச்சுப் போட முடியுமா என்று கேட்டுவிட்டுச் சின்னதம்பி அண்ணன் ஊரை நோக்கி இறங்கினார்.

ஞாயிறு காலை இரண்டு வேன், ஒரு மினி லாரி. லாரி முழுக்கக் கன்றுகள். மஞ்சள் பனியன் போட்ட மாணவர்கள் இறங்கினார்கள். அன்பரசியுடன் வேலை பார்த்த நர்ஸுகள் இறங்கினார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும் அழுதாள். மாமா வெள்ளை வேட்டியில் இருந்தார். எல்லோருக்கும் பின்னால் ஒரு பெரிய பிளெக்ஸ். அதில் அன்பரசியின் முகம். எங்கள் கல்யாணப் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். அவள் தோளில் என் விரல்கள் கொஞ்சம் மிச்சமிருந்தன.

குழி தோண்டும் ஆட்கள் முன்னாலேயே வந்து சரிவைப் பார்த்திருந்தார்கள். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடப்பாரைகள் தரையில் கிடந்தன.

"இன்னாப்பா, வேலைய ஆரம்பிக்கல?" என்றார் சந்திரன்.

"முடிச்சு கெடக்குதுங்க," என்றார் அவர்களில் மூத்தவர்.

"என்ன முடிச்சு?"

அவர் கையைக் காட்டினார். சந்திரன் பார்த்தார். புல்தான் தெரிந்திருக்கும்.

"அவிழ்த்துட்டுத் தோண்டு."

"அது ஆவாதுங்க."

"கூலிய வேணும்னா சேத்துத் தர்றேன்."

"கூலிக்கு இல்லீங்க. நாளைக்கு எங்க சரிவுல நாங்க முடிச்சுப் போட வேணாமா?"

சந்திரன் சிரித்துக்கொண்டே இறங்கி ஒரு தூரின் முடிச்சை அவிழ்த்தார். சுலபமாக அவிழ்ந்தது. அவிழ்த்த புல்லைக் காட்டி, "இவ்வளவுதான்," என்றார்.

ரஞ்சிதம் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "அது எங்க பங்கு சார்."

"சரிம்மா, இருக்கட்டும்."

"இருக்கட்டும் இல்ல சார். முடிச்சை அவுத்தவரு அந்த வூட்டுக் கூரைய மேஞ்சு குடுக்கணும். இது ஊரு வழக்கம். எப்ப வர்றீங்க? ஏணி இருக்குது எங்கிட்ட. நீங்க கொஞ்சம் கனமா கீறீங்க, மூங்கில்தான் தாங்குமான்னு தெர்ல."

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். குழி ஆட்களும் சிரித்தார்கள். சந்திரன் கையிலிருந்த புல்லை எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றார்.

"பாருங்கம்மா, இவங்கல்லாம் தன்னார்வலர்கள். லீவு நாள்ல, சொந்தச் செலவுல வந்திருக்காங்க. இயற்கைக்காக."

"நாங்க மட்டும் இன்னா, மாசச் சம்பளத்துலயா இருக்கறோம்?" என்றார் சின்னதம்பி அண்ணன். "இந்த எடம் நீங்க பாத்தப்ப சுத்தமா இருந்துச்சே, அது யாரு செஞ்சதுன்னு நெனச்சீங்க? மழை வந்து கழுவுச்சா?"

சந்திரன் கையிலிருந்த புல்லைக் கீழே போட்டார். எனக்கு அவர்மீது கோபம் இல்லை. மரங்கள்மீதும் இல்லை. கன்றுகள் லாரியில் நன்றாகத்தான் இருந்தன. அவர் தேர்ந்தெடுத்த இடம்தான் தப்பு.

மாமா ஒரு கன்றை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். மற்றொரு கையில் கடப்பாரை. ரோட்டோரத் துண்டுக்கு வந்தார். குனிந்து பார்த்தார்.

"இங்க முடிச்சு இல்லையே," என்றார்.

திருப்பூருக்குப் போனவர்களின் பங்கு அது. அங்கே முடிச்சு இல்லை.

"ஆயிரம் வேணாம். ஒண்ணு. எம்பொண்ணுக்கு ஒண்ணு நட்டுட்டுப் போறேன்."

அவர் கடப்பாரையை ஓங்கி இறக்கினார். நாற்பது வருடம் மண்ணில் வேலை செய்த கை. நான் அவரிடம் போய்ச் சேர்வதற்குள் ஒரு தூர் வேரோடு பெயர்ந்துவிட்டது. மூன்றாவது குத்துக்கு ஓங்கியபோது நான் குழிக்குள் காலை வைத்தேன்.

கடப்பாரை மேலேயே நின்றது.

"கால எடு மாப்ள."

"எடுக்க மாட்டேன் மாமா."

"ஒரே ஒரு மரம்டா."

"இன்னைக்கு ஒண்ணு நட்டா, அது நல்லா வந்துச்சுன்னு அடுத்த வருஷம் லாரி வரும். ஒரு மரம் நிக்கிற எடத்துல இன்னும் நூறு நட்டா என்னன்னு கேப்பாங்க. அப்ப அவ பேரைச் சொல்லித்தான் கேப்பாங்க."

"அவளுக்கு மரம்னா உயிரு."

"இல்ல மாமா. அவளுக்குப் பஸ்ல ஜன்னல் சீட்டும் காரப்பொரியும்தான் பிடிக்கும். இந்தச் சரிவு பக்கமே வர மாட்டா. புடவையில ஊசிப்புல்லு ஒட்டுதுன்னு திட்டுவா."

பின்னால் நின்ற நர்ஸுகளில் ஒருத்தி அழுகைக்கு நடுவே சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

"ஒனக்கு இன்னாடா," என்றார். "வயசு இருக்குது. நாளைக்கே வேற ஒருத்தியக் கட்டினு போய்டுவ. எனக்கு வேற பொண்ணு வருமா? அவ இருந்தான்றதுக்கு ஒரு அடையாளம் வேணாமா?"

கடப்பாரையின் முனை என் கட்டைவிரலுக்கு நேர் மேலே இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. அவள் போனதிலிருந்து அப்படித்தான். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது.

"வேணாம் மாமா. அவ பேரைச் சொல்லி இன்னொருத்தர் ஊத்துத் தண்ணியக் காய வைக்க வேணாம். நீங்க தோண்டணும்னா என் காலோட சேத்துத் தோண்டுங்க."

"அய்யா," என்றார் ரஞ்சிதம் அக்கா, அருகில் வந்து. கிண்டல் இல்லாத குரல். "எம்பேரன் பொறந்தப்ப மூச்சே இல்ல. ஒங்க பொண்ணுதான் வாயை வெச்சு ஊதினாங்க. அவன் இப்ப ஒண்ணாங்கிளாஸு போறான். அந்த அடையாளம் நடமாடினு கீது. இதுக்கு மேல இன்னா அய்யா?"

மாமா கடப்பாரையைக் கீழே போட்டார். தூரமாக, யார்மீதும் படாமல். கன்றை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காத."

சரி என்றேன். அவர் வேனில் ஏறிக்கொண்டார். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். சந்திரன் போன் பேசிவிட்டு, கீழே ஏதோ ஏரிக்கரையில் நட்டுக்கொள்ளலாம் என்று மாணவர்களிடம் சொன்னார். போகும்போது என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷமும் வருவோம் தம்பி. அனுமதி எங்ககிட்ட இருக்கு."

"வாங்க சார்," என்றேன். "அப்பவும் நாங்க இருப்போம்."

வண்டிகள் இறங்கிப் போனதும் குழி ஆட்கள் எழுந்தார்கள். வெள்ளிக்கிழமை தோண்டிய குழிகளை அவர்களே எங்களோடு சேர்ந்து மூடினார்கள். கூலி கேட்கவில்லை. பெயர்த்த தூர்களில் பிழைக்கும் என்று தோன்றியவற்றைத் திரும்ப வைத்து மிதித்தோம்.

ஐப்பசி மழை கடுமையாக இருந்தது. முடிச்சுகள் சொன்னபடியே அழுகின. கொண்டை கொண்டையாகக் கறுத்தன. வேர் அழுகவில்லை. மண் நகரவில்லை. ரஞ்சிதம் அக்கா, பழைய கூரை ஒழுகிச் சட்டிகள் போதாமல், என்னிடம் வந்து ஒரு பக்கெட் வாங்கிக்கொண்டு போனார். தையிலும் புதுப்புல் கிடையாதே, வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். "ஒழுவுற வூட்லதான் தூக்கம் நல்லா வருது, தாளம் போடற மாதிரி," என்றார்.

கார்த்திகையில் ஒருநாள் மாமாவிடமிருந்து போன். பின்னால் நெல் அறுக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"குழியெல்லாம் மூடிட்டீங்களா?" என்றார்.

"மூடிட்டோம் மாமா."

"நான் தோண்டினது?"

"அதை நான் மூடினேன்."

"அதுல புல்லு வந்துச்சா?"

"இன்னும் இல்ல. வரும்."

இயந்திரத்தின் சத்தம் நின்றது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

"நான் உன்னைத் தெனமும் திட்டறேன்டா," என்றார்.

"தெரியும் மாமா."

"இன்னும் திட்டுவேன்."

"திட்டுங்க."

"வராம இருந்தா இருந்துக்கோ. ஆனா போன் பண்ணா எடு."

"எடுக்கறேன்," என்றேன். "ஆனா மரம் நட விட மாட்டேன்."

அவர் ஒரு கெட்டவார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.